பின் ஆசனத்தில் இருப்பவர்கள்

பெருநாள் விடுமுறை நாட்களில் ஹட்டன் நகருக்குள் வரும் வாகனங்களைச் சற்று நேரம் நின்று பார்த்தால் ஒரு விடயம் கண்ணில் படும். பொலிஸார் நிற்கும் திருப்பம் தெரிந்தவுடன் முன் ஆசனத்தில் இருக்கும் ஆண்களின் கை தோளுக்கு மேலே போகும். பட்டியை இழுத்து, அவசரமாகப் பூட்டிக்கொள்வார்கள். பின்னால் உம்மா, உம்மும்மா, மூன்று பிள்ளைகள், மடியில் ஒரு கைக்குழந்தை, காலடியில் சாப்பாட்டுக் கூடை. அவர்களில் ஒருவருக்கும் பட்டி இருக்காது. நகரம் கடந்து வாகனம் கொட்டகலைப் பக்கம் திரும்பியதும் முன்னால் இருந்தவர்களிலும் சிலர் தங்கள் பட்டியைக் கழற்றி விடுவார்கள். பொலிஸார் போய்விட்டார்கள் அல்லவா!

நமது நாட்டில் ஓட்டுநரும் அவர் அருகில் இருப்பவரும் ஆசனப் பட்டி அணிய வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டில் கட்டாயமானது. 2025இல் அதிவேக நெடுஞ்சாலைகளில் போகும் வாகனங்களில் பின்னால் இருப்பவர்களும் அணிய வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல காரியம். ஆனால் சட்டம் இப்படிப் படிப்படியாக வந்ததால் நமது வீடுகளில் ஒரு தவறான எண்ணம் ஊறிவிட்டது. பட்டி என்பது பொலிஸாருக்காகப் போடுவது, முன்னால் இருப்பவர் போடுவது, கொழும்புப் பக்கத்துப் பெரிய பாதையில் போடுவது என்று நினைத்துக்கொண்டோம். கினிகத்தேனை வளைவுகளுக்கும் நமது உம்மாமார் இருக்கும் பின் ஆசனத்துக்கும் அதில் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது போல நடந்துகொள்கிறோம்.

அன்புச் சகோதரிகளே, இதை உங்களுக்கென்றே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நமது குடும்பங்களில் முன் ஆசனம் பெரும்பாலும் ஆண்களுடையது. பின் ஆசனம் உங்களுடையது, உங்கள் பிள்ளைகளுடையது, வயதான பெற்றோருடையது. மரியாதை கருதியும் பாதுகாப்புக் கருதியுமே உங்களைப் பின்னால் அமர்த்துகிறோம். ஆனால் கட்டாமல் அமர்த்துகிறோம்.

"நாங்க மெல்லத்தானே போற, மௌலவி" என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். உண்மைதான், மலைப் பாதையில் யாரும் பறக்க முடியாது. ஆனால் மெல்ல என்பது எவ்வளவு மெல்ல? மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு கற்சுவரில் முட்டித் திடீரென நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருப்பவர் நிற்க மாட்டார். அதே வேகத்தில் முன்னே போய் எதிலாவது மோதுவார். அந்த அடி ஏறத்தாழ 12 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். லயத்துக் கூரையிலிருந்து விழுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோமீட்டர் என்றால் 20 அடி. 50 என்றால் 32 அடி. அது தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி ஜன்னல். லயத்துக் கூரையில் பிள்ளை ஏறினால் எப்படிக் கூச்சலிடுவோம்! அதே பிள்ளை ஓடும் வாகனத்தில் இரண்டு முன் ஆசனங்களுக்கும் நடுவே எழுந்து நின்று பாதையைப் பார்த்தால் "எங்கட மகன் நல்ல கெட்டிக்காரன்" என்கிறோம்.

முன் ஆசனத்தின் முதுகு மெத்தையாக இருந்து பின்னால் இருப்பவரைத் தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் உண்டு. 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31இல் பாரிஸ் சுரங்கப் பாதையில் நடந்த விபத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இளவரசி டயானா இருந்தது பின் ஆசனத்தில். அந்தக் காரில் யாருமே பட்டி அணிந்திருக்கவில்லை என்று பிரித்தானியப் பொலிஸாரின் நீண்ட விசாரணை பின்னர் முடிவு செய்தது. 2022 செப்டம்பர் 4இல் இந்தியாவில், டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி குஜராத்திலிருந்து மும்பைக்குத் திரும்பும் வழியில் பால்கர் மாவட்டத்தில் ஒரு பாலத்தில் கார் மோதி இறந்தார். விலை உயர்ந்த கார், பாதுகாப்புக்குப் பெயர் பெற்ற கார். முன்னால் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் பட்டியில்லாமல் இருந்த இருவரும் பிழைக்கவில்லை. பணமும் பெரிய காரும் செய்ய முடியாததை இரண்டு அங்குல அகலமான ஒரு நாடா செய்திருக்கக்கூடும்.

இன்னொன்றையும் உங்கள் கணவன்மாரிடம் சொல்லுங்கள். ஜப்பானில் நடந்த விபத்துகளை ஆராய்ந்து 2002இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. முன்னால் இருப்பவர் ஒழுங்காகப் பட்டி அணிந்திருந்தாலும், பின்னால் இருப்பவர் அணியாவிட்டால், முன்னால் இருப்பவர் இறக்கும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுகிறது என்று அதில் கண்டார்கள். காரணம் எளிது. பின்னாலிருந்து வீசப்படும் உடல் முன் ஆசனத்தோடு சேர்த்து அவரை நசுக்குகிறது. அறுபது கிலோ எடையுள்ள ஓர் உம்மா தன் மகனின் முதுகிலேயே போய் மோதுகிறார். ஜப்பானில் 2008இல் பின் ஆசனப் பட்டியைக் கட்டாயமாக்கினார்கள். இங்கிலாந்தில் 1983இல் முன் ஆசனத்துக்கு வந்த கட்டாயம், பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கு 1989இலும் பெரியவர்களுக்கு 1991இலும்தான் வந்தது. ஆகவே பின் ஆசனத்தைக் கடைசியாக நினைப்பது நமது நாட்டின் குறை மட்டுமல்ல.

நாம் வாழும் இடத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவிசாவளையிலிருந்து ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா போகும் பாதையும், பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறும் பாதையும் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் பள்ளம், நடுவில் பனிமூட்டம். 2023 ஜனவரி 20இல் நானுஓயாவில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ் ஒரு வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி, அவ்விரண்டிலும் இருந்த ஏழு பேர் மரணித்தார்கள். அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். பட்டியைப் பற்றிப் பேசுவதற்காக அந்தச் சம்பவத்தை நான் எடுக்கவில்லை. நாம் எவ்வளவு நிதானமாகப் போனாலும் எதிரே வருவது நமது கையில் இல்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். அதில் ஒரு தாய், கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடியே இடிபாடுகளுக்குள் சிக்கியிருந்ததை நாடே பார்த்து அழுதது. குழந்தை பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை. அந்தத் தாய் எந்தச் சமூகத்தவராக இருந்தால் என்ன, தாய்மை என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி தேவையில்லை.

அதற்குப் பிறகு பல வீடுகளில் ஒரு பேச்சைக் கேட்டேன். "பாருங்க, உம்மாட மடிதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு." இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். அந்தப் பஸ்ஸில் அந்தத் தாய்க்கு வேறு வழி இருக்கவில்லை. இருந்த ஒரே வழியைத் தன் உயிரைக் கொடுத்துச் செய்தார். உங்கள் காரில் உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைக் கையில் பிடித்து நிறுத்த 100 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கும் பலம் வேண்டும். இரண்டு அரிசி மூட்டை! அதுவும் நீங்கள் ஆயத்தமாக இல்லாத ஒரு கணத்தில். எந்தத் தாயின் கையும், எவ்வளவு பாசம் உள்ள கையும், அதைத் தாங்காது. தாயே பட்டி அணியாமல் இருந்தால் குழந்தை அவருக்கும் முன் ஆசனத்துக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். தன் பட்டிக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அது இன்னும் மோசம். தாயின் முழுப் பாரமும் பட்டிக்கு எதிராகக் குழந்தையின் மேல் வந்து இறங்கும்.

இனி, சகோதரிகள் பட்டி போடாததற்குப் பிடிவாதம்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. போடப் பார்த்தால் போட முடிவதில்லை. அதைப் பேசாமல் "போடுங்கள், போடுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை.

முதலாவது, பட்டி இருக்கும், பூட்டு இருக்காது. நான் பாவித்த கார் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டு வந்த அன்றே பின்னால் பட்டியின் நாக்கைச் செருகுவதற்குப் பூட்டைத் தேடினோம். காணவில்லை. ஆசனத்துக்குப் புதிதாகத் தைத்துப் போட்ட ரெக்ஸின் உறைக்கு அடியில் மூன்று பூட்டுகளும் புதைந்து கிடந்தன. உறை தைத்த கடையைத் தேடிப்போய்க் கேட்டேன். வேலைசெய்த தம்பி சிரித்துக்கொண்டு, "பின்னுக்கு யாரு மௌலவி பெல்ட் போடுற? அது உறுத்தும் என்டுதான் உள்ளுக்கு வெச்சுத் தெச்ச" என்றார். கடையைக் குறை சொல்லி என்ன? கேட்பவர் இல்லாததால் அவர் தைத்துவிட்டார். உறையை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, பூட்டுகளை வெளியே எடுத்துத் தரச் சொன்னேன். அரை மணித்தியால வேலை. உங்கள் வாகனத்தில் பின் ஆசனத்து முதுகும் இருக்கையும் சேரும் பிளவுக்குள் கையை விட்டுப் பாருங்கள். பூட்டோடு சேர்த்து இரண்டு மூன்று சில்லறைக் காசும் ஒரு தஸ்பீஹ் மணியும் கிடைக்கலாம். பூட்டின் வாய்க்குள் பிஸ்கட் தூள் அடைத்திருந்தால் கவிழ்த்துத் தட்டுங்கள். எண்ணெய் விடாதீர்கள்.

இரண்டாவது, மலைநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். "எங்கட பெல்ட் பழுதாப் போச்சு, இழுத்தா வருதில்ல" என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் அது பழுதல்ல. பட்டி சுருண்டிருக்கும் பெட்டிக்குள் ஓர் இரும்புக் குண்டு இருக்கிறது. வாகனம் திடீரென நின்றாலோ சரிந்தாலோ அந்தக் குண்டு உருண்டு ஒரு நெம்பைத் தள்ளும். உடனே பட்டி இறுகிவிடும். ஆபத்து நேரத்தில் உயிரைக் காப்பது அந்தக் குண்டுதான். ஆனால் வாகனம் செங்குத்தான சரிவில் நின்றாலும் குண்டு உருளத்தானே செய்யும்! ஐக்கிய நாடுகள் சபையின் வாகன விதிகளில், 12 பாகை வரையான சரிவில் பட்டி இறுகக் கூடாது என்றும் 27 பாகையைத் தாண்டினால் இறுகியே ஆக வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் பட்டிக்குப் பட்டி வேறுபடும். 12 பாகை என்பது ஐந்தடி போனால் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலாக ஏறும் சரிவு. நமது தோட்டப் பாதைகளில், வீட்டு வாசல்களில், அதைவிடச் செங்குத்தான இடங்கள் எத்தனை! ஆகவே வீட்டு வாசலில் பட்டி வராவிட்டால் பாஸைத் தூக்கிக் குப்பையில் போடாதீர்கள். கொஞ்சம் சமதரையான இடத்துக்குப் போய் நிறுத்தி, மெல்ல இழுங்கள். வெடுக்கென்று இழுத்தாலும் வராது. அதற்கென்று வேறொரு தடுப்பு உள்ளே இருக்கிறது. சமதரையில் மெல்ல இழுத்தும் வராவிட்டால் மட்டுமே கராஜுக்குப் போக வேண்டும்.

சில கார்களில் பட்டியை முழுவதும் வெளியே இழுத்துவிட்டால், பிறகு கடகடவென்று உள்ளே மட்டும் போகும், வெளியே வராது. பிள்ளை ஆசனத்தை இறுக்கிக் கட்டுவதற்காக வைத்த ஏற்பாடு அது. சும்மா இருக்கும் பிள்ளைகள் பட்டியை இழுத்து விளையாடி, உடம்பிலோ கழுத்திலோ சுற்றிக்கொண்டால் இறுகிக்கொண்டே போகும். பட்டி விளையாட்டுச் சாமான் அல்ல என்று அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். பட்டியைக் கழற்றி முழுவதும் உள்ளே போக விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எங்கள் பக்கத்துக் குளிரையும் சொல்ல வேண்டும். நுவரெலியாக் குளிரில் பிள்ளைக்கு இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் தடித்த ஜக்கெட், அதற்கு மேல் போர்வை. இவ்வளவுக்கும் மேலாகப் பட்டியைப் போட்டால், இறுக்கமாக இருப்பது போலத் தோன்றும். மோதும் நேரத்தில் பஞ்சு எல்லாம் அமுங்கி, பட்டி தொளதொளவென்று ஆகிவிடும். பட்டியை முதலில் போட்டு, அதற்கு மேல் போர்வையைப் போர்த்துங்கள். அபாயா அணியும் சகோதரிகளுக்கும் இதே கதைதான். வழுக்கும் துணியில் பட்டி வயிற்றுக்கு ஏறிவிடும். நிமிர்ந்து அமர்ந்து, இடுப்பெலும்பின் மேல் படும்படி கீழே இழுத்துவிட வேண்டும். தோளில் பட்டி படும் இடத்தில் ஊசியோ புரூச்சோ வேண்டாம்; மறு பக்கத்தில் குத்திக்கொள்ளலாம். கழுத்தை அறுக்கிறது என்று தோள்பட்டியைக் கக்கத்துக்குக் கீழே விடுவது ஆபத்து. விலா எலும்புகள் அதைத் தாங்க மாட்டா.

கர்ப்பிணிகள் பட்டி போடக் கூடாது என்று நமது பெரியவர்கள் பலர் நினைக்கிறார்கள். குழந்தையை அழுத்திவிடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது, முடிவுதான் சரியல்ல. பட்டியின் கீழ்ப்பகுதி வயிற்றுக்கு அடியில், தொடையோடு ஒட்டி, இடுப்பெலும்பின் மேல் போக வேண்டும். மேல்பகுதி மார்புகளின் நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றுக்குக் குறுக்கே மட்டும் ஒருபோதும் போகக் கூடாது. கிளினிக்கில் மருத்துவச்சியிடம் ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைகள் விடயம்தான் சிரமமானது. பட்டி பெரியவர்களின் உடம்புக்கு அளவெடுத்தது. 1959இல் சுவீடனில் வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் இன்று நாம் பாவிக்கும் மும்முனைப் பட்டியை வடிவமைத்தார். அதற்கு முன் அவர் போர் விமானங்களில் விமானியை வெளியே வீசும் ஆசனங்களைச் செய்து வந்தவர். மற்றக் கார் நிறுவனங்களும் தடையின்றிப் பாவிக்கட்டும் என்று வொல்வோ அதைத் திறந்து விட்டது. இப்படிப்பட்ட தர்மத்தை நாமும் மெச்ச வேண்டும். ஆனால் அந்தப் பட்டி ஆறு வயதுப் பிள்ளையின் கழுத்தில் உரசும், வயிற்றில் ஏறும். ஏறத்தாழ நாலரை அடி உயரம் வரும்வரை பிள்ளையை உயர்த்தி அமர்த்தும் ஆசனம் வேண்டும். கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய தனி ஆசனம் வேண்டும். தலையணையை மடித்துப் போட்டால் அது வழுக்கிப் போய்விடும். இந்த ஆசனங்கள் மலிவல்ல என்பது எனக்குத் தெரியும். என்றாலும், சவூதியிலிருந்தும் கட்டாரிலிருந்தும் விடுமுறையில் வரும் நமது தம்பிமார் போர்வையும் அத்தரும் பால்மாவுமாகத்தானே பெட்டி கட்டுகிறார்கள்? அடுத்த முறை பிள்ளை ஆசனம் ஒன்று கொண்டு வரச் சொல்லுங்கள். அண்ணன் பிள்ளைக்கு முடிந்ததும் தங்கை பிள்ளைக்கு. ஒரு விபத்தைக் கண்ட ஆசனத்தை மட்டும் யாரிடமிருந்தும் வாங்கக் கூடாது. பட்டிக்கும் அப்படித்தான். பஞ்சிகாவத்தையில் பாவித்த உதிரிப்பாகம் வாங்கும்போது, மோதிய வாகனத்தில் கழற்றிய பட்டியை எடுக்காதீர்கள். அது ஒருமுறை தன் கடமையைச் செய்து முடித்த பட்டி.

பிறகு, வாந்தி. இதைச் சொல்லாமல் ஹட்டன் பாதையைப் பற்றி எழுத முடியுமா? வளைவு ஆரம்பித்ததும் பிள்ளைக்கு முகம் வெளுக்கும். உம்மா பட்டியைக் கழற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி ஜன்னலோரம் பிடிப்பார். ஒரு கையில் ஷொப்பிங் பேக், மறு கையில் தேசிக்காய். நான் பார்த்தவரை, வாகனத்தில் பட்டி கழறுவதற்கு இதுதான் முதற் காரணம். வாகனத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் பிந்திப் போவதால் நிக்காஹ் நின்றுவிடாது. பையை முன் ஆசனத்தின் முதுகில் பிள்ளைக்கு எட்டும்படி கட்டித் தொங்கவிடுங்கள். பட்டியில் பட்டுவிட்டால் இளஞ்சூட்டு நீரும் மெல்லிய சவர்க்காரமும் போதும், நிழலில் உலர்த்துங்கள். ப்ளீச் போட்டால் நூல் பலம் இழக்கும். நமது ஈரத்தில் பட்டியில் பூஞ்சணம் பிடிப்பதற்கும் இதுவே வைத்தியம்.

ஏழாம் வகுப்பில் ஒருநாள் இந்தப் பேச்சு வந்தபோது, "யாருடைய வாகனத்தில் பின்னால் பட்டி போடுகிறீர்கள்?" என்று கேட்டேன். ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள். மாஷா அல்லாஹ் என்று மகிழ்ந்து, யார் போடுகிறார்கள் என்று கேட்டேன். "கல்யாணத்துக்குப் போறப்ப உம்மா வட்டிலப்பச் சட்டிக்குப் போடுவாங்க சேர், கொட்டுப்படாம இருக்க" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த உம்மா புத்திசாலி. வளைவில் எது சரியும், எது கொட்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மலைநாட்டில் அடிக்கடி கேட்கும் இன்னொரு சொல் உண்டு. "பள்ளத்துல விழுந்தா பெல்ட்டோட மாட்டிக்குவோமே, இல்லாட்டிப் பாஞ்சி தப்பலாம்." உருளும் வாகனத்திலிருந்து யாரும் பாய்வதில்லை, வீசப்படுகிறார்கள். வீசப்பட்டவர் பாறையில் மோதுகிறார், அல்லது அதே வாகனம் அவர் மேல் வந்து விழுகிறது. கட்டப்பட்டிருப்பவர் வாகனம் நின்ற பிறகு சுயநினைவோடு இருக்க வாய்ப்பு அதிகம். சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பட்டி கழன்றுவிடும். நினைவிழந்து கிடப்பவரால் திறந்த கதவு வழியாகக்கூட வெளியே வர முடியாது.

"அல்லாஹ் காப்பாத்துவான், மௌலவி. நீங்களே இப்பிடிப் பயந்தா?" என்று என் தாயாரே ஒருமுறை கேட்டார். மார்க்கம் படித்தவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க முடியாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமல் விட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னது திர்மிதியில் பதிவாகியிருக்கிறது; அது உங்களுக்குத் தெரிந்ததே. நான் என் தாயாரிடம் சொன்னது வேறு. உஹதுப் போரன்று நபி (ஸல்) அவர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கவசங்கள் அணிந்திருந்தார்கள். அவர்களைவிடத் தவக்குல் உடையவர் யார்? ஒன்றல்ல, இரண்டு! என் தாயார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இந்தத் தோள்ல எனக்கு வலி, கை பின்னால போகாது. நீயே இழுத்துப் பூட்டி விடு" என்றார். அவர் போடாமல் இருந்ததற்கு உண்மையான காரணம் அந்த வலிதான். பல முதியவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். வலியைச் சொல்லக் கூச்சப்பட்டு மார்க்கத்தைச் சொல்லிவிடுகிறார்கள். மருமகள்மார் கொஞ்சம் கையை நீட்டினால் போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கலைக் கடைசியாக வைத்திருக்கிறேன். ஆட்கள் தொகை. காரில் ஐந்து பட்டி; ஜப்பானிலிருந்து வரும் சின்னக் கார்களில் நான்கே நான்கு. வேன்களில் நடைவழியில் மடக்கி விரிக்கும் ஆசனங்கள் பலவற்றுக்குப் பட்டியே கிடையாது. நமது வீடுகளில் யாரை விட்டுவிட்டுப் போவது? "கொஞ்சம் ஒத்தி இருங்க" என்பது நமது குடும்பப் பண்பாட்டின் ஒரு பகுதி. ஒருவரை வாசலில் நிறுத்திவிட்டுப் போனால் அது மனஸ்தாபமாகி, அடுத்த பெருநாள் வரை பேச்சுவார்த்தை இருக்காது.

சென்ற முறை கம்பளையில் ஒரு நிக்காஹுக்கு நாங்கள் ஆறு பேர் ஆயத்தமானோம். பட்டி ஐந்து. என் தம்பியைப் பஸ்ஸில் வரச் சொன்னேன். மாமிக்கு அது பிடிக்கவில்லை. "பெல்ட்டுக்காகப் புள்ளைய பஸ்ஸில அனுப்புறதா? பஸ்ஸில மட்டும் பெல்ட் இருக்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் முழுமையான பதில் இருக்கவில்லை. அவன் காரில் ஏறினால் ஒரு பிள்ளையின் பட்டியைக் கழற்றித்தான் அவனுக்கு இடம் கொடுக்க வேண்டும், அதை யாருடைய பிள்ளையிடமிருந்து கழற்றுவது என்று மட்டும் கேட்டேன். மாமி பின்னால் அமர்ந்திருந்த பேரப்பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தம்பியின் கையில் பஸ் காசைத் திணித்து, குளிருக்கு மப்ளர் கட்டிக்கொள்ளச் சொன்னார். அடுத்த பயணத்தில் காரைத் தம்பி ஓட்டுவான். பஸ்ஸில் போவது என்னுடைய முறை.